ஒன்பதாம் பக்கம்

இன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், ஆபத்சகாயம், வயது எழுபத்தெட்டு. என் மருமகள் தமயந்தி, அரசு உணவுக் கழகத்தில் பொது மேலாளர், காலை ஒன்பதே முக்காலிலிருந்து உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் ஆபீஸ் கூட்டத்தில் இருக்கிறாள். என் மகன் மதியழகன், மின்வாரியத்தில் வேலை, இன்று லீவு போட்டிருக்கிறான். தமயந்தியின் அம்மா கோமளவல்லி அம்மாள், கும்பகோணத்திலிருந்து வந்து பதினொரு நாளாகிறது. டிரைவர் சூசை, வாசலில் வண்டிக்குள். அவர் வீட்டுக்குள் வரவில்லை, ஆனாலும் அவர் குடித்த டீ டம்ளர் உள்ளே வந்ததால் அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் காயவிட்டு அதன்மேல் தாள்களை வைத்திருக்கிறேன். படிவம் பன்னிரண்டு பக்கம், சான்றுகள் முப்பத்தொன்று, ஆக ஒரு கட்டுக்கு நாற்பத்து மூன்று. ஏழு கட்டு. ஏழு நாற்பத்து மூன்று முந்நூற்றொன்று. இயக்குநர் பதவி என்றால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், பெரிய பதவிக்குச் சின்ன மனு இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. தேர்வுக் குழுவில் ஏழு பேராம். ஆளுக்கு ஒரு கட்டு. எல்லாத் தாளிலும் பக்க எண் கையால் எழுதியிருக்க வேண்டும், எல்லாத் தாளிலும் கையெழுத்து இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஏழும் தள்ளுபடி, இன்று மாலை ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகத்தில் சேர வேண்டும். தமயந்தி நேற்றே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டாள். “எண்ணி அடுக்குறத மாமா பாத்துக்கட்டும்” என்றாள். என்னிடம் சொல்லவில்லை, அவள் அம்மாவிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி. எங்கள் வழக்கம் அப்படி. இருபத்தைந்து வருஷமாக அவளை நான் நீ என்றும் சொன்னதில்லை, நீங்கள் என்றும் சொன்னதில்லை. நீ என்றால் அதிகாரிக்கு மரியாதைக் குறைவு, நீங்கள் என்றால் வீட்டுப் பெண்ணைத் தள்ளி வைத்த மாதிரி. காபி ஆறுது, குடை வாசல்ல இருக்கு, வண்டி வந்தாச்சு, இப்படி ஆளே இல்லாத பேச்சாகப் பேசிக் காலம் தள்ளியாயிற்று. ஆனால் எண்ணுகிற வேலையை என்னிடம் கொடுத்தாள். மகனிடம் கொடுக்கவில்லை. அவன் என்ஜினீயரிங் படித்தவன், நான் ஆறாவது. நேற்று ராத்திரி இதை நினைத்து நினைத்து ஒரு மணி நேரம் தூக்கம் கெட்டது, சந்தோஷத்தில்தான்.

ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டு முதல் தாளை எடுத்து லாபம் என்று சொல்லி மூலையில் 1 எழுதினேன். அடுத்தது ரெண்டு. அடுத்தது மூணு. எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள், அதற்குப் பிறகு ரெண்டு. கிடங்கில் மூட்டைக்கும் அப்படித்தான். முப்பத்தொரு வருஷம் கழகத்தின் கிடங்கில், தஞ்சாவூருக்குக் கிழக்கே, லாரிக்குப் பின்னால் நின்று மூட்டை எண்ணியவனுக்குத் தாள் வந்தாலும் வாய் அதைத்தான் சொல்லும். “சம்பந்தி, அது என்ன மந்திரம், ஓயாம முணுமுணுக்கிறீங்க?” என்று எதிரில் உட்கார்ந்து போட்டோ ஒட்டிக்கொண்டிருந்த கோமளவல்லி அம்மாள் கேட்டார். எண்ணுகிறேன் என்றேன். “எண்ணுறதுக்கு ஒதடு எதுக்கு? எங்க வீட்டுக்காரரு சாமி கும்புடறப்பகூட இப்பிடி ஆட்டுனதில்ல.” பதில் சொன்னால் எட்டாம் தாளா ஒன்பதாம் தாளா என்று விட்டுப்போகும். அந்த அம்மாவுக்கு எஸ்.எஸ்.எல்.சி. வரை படிப்பு, வாய்க்கு அதற்கு மேல். ஏழு போட்டோவையும் வரிசையாக வைத்துவிட்டு, “பாத்தீங்களா, எம்பொண்ணு மூக்கு என் மூக்கு. ஏழு பேருக்கு ஏழு மூக்கு அனுப்புறோம்” என்று தானே சிரித்துக்கொண்டார். போட்டோவில் தமயந்தி சிரிக்கவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கிற அந்தப் பார்வை எனக்குத் தெரியும், இருப்புப் பதிவேட்டைப் பார்க்கிற பார்வை. பசை வாசனை. மைதா காய்ச்சிச் சாக்கில் சீட்டு ஒட்டுவோமே அந்த வாசனை இல்லை, இது ஏதோ மருந்து வாசனை, மூக்கில் ஏறி நெற்றிக்குப் போகிறது. ஆறு, ஏழு, எட்டு. எட்டு வரைக்கும் ஒரு மூச்சில் வந்துவிட்டேன். எட்டுக்கு அப்புறம் கை நின்றது.

ஒன்பதாம் பக்கம் மட்டும் பதினான்கு இருந்தது. மற்ற எல்லாப் பக்கமும் ஏழு, இது மட்டும் பதினான்கு. ஏழு பழசு, ஏழு புதுசு. எண்ணிக்கைக்கு மேல் இருப்பது குறைவாக இருப்பதைவிட ஆபத்து என்று கிடங்கில் சொல்வோம். குறைந்தால் திருட்டு என்று தெரியும், கூடினால் என்ன என்றே தெரியாது. ஆனால் இது ஏன் கூடியது என்று எனக்குத் தெரியும். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர்கள் அறையிலிருந்து கேட்டது. விண்ணப்பிப்பவருடைய உறவினரோ கணவருடைய உறவினரோ கழகத்தில் வேலை செய்ததுண்டா, உண்டென்றால் பெயர், உறவு, வேலை, அவர்மேல் ஏதாவது விசாரணை நடந்ததா, இதுதான் ஒன்பதாம் பக்கத்துக் கேள்வி. “மாமனார் எல்லாம் உறவுல வராது தமா, விடு” என்றான் மதி. “வரும். கீழ விளக்கமே போட்டிருக்கான், படி.” “படிச்சேன். யாரு போயி முப்பது வருஷத்துக்கு முந்தி மூட்ட எண்ணுனவர் பேரத் தேடப் போறான்? எழுதுனாத்தான் தேடுவான். பதினோரு பேரு போட்டி. எவனாவது ஒருத்தன் மொட்டக் கடுதாசி போட்டாப் போதும், எம்பத்தேழ தோண்டி எடுத்துருவான்.” அதற்கு அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் மதி அச்சடித்தது பழசு. அதில் கேள்விக்கு எதிரே மூன்றே எழுத்து. என்., ஐ., எல். எனக்கு இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும் தெரியும், சாக்கின்மேல் மையால் அடித்திருப்பதைப் படித்துப் படித்து வந்தது. இந்த மூன்றெழுத்தும் நன்றாகத் தெரியும். அடுக்கு காலியாகிவிட்டால் அட்டையில் எழுதித் தொங்கவிடுவோம். தரை மட்டும் இருக்கிறது, மூட்டை ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இன்று காலை அவள் மறுபடியும் அச்சடித்தது புதுசு. அதில் நான்கு வரி. முதல் வரியில் என் பெயர். பன்னிரண்டு எழுத்தாக நீட்டி எழுதியிருக்கிறாள். என் பெயரை இங்கிலீஷில் அவ்வளவு நீளமாக யாரும் எழுதியதில்லை. சம்பளப் பட்டியலில்கூட ஏ.சகாயம் என்று சுருக்கிவிடுவார்கள். கூட்டத்துக்கு உள்ளே போகும்முன் அவள் மேசையருகே நின்று, என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்து, “ஒம்பதாம் பக்கம் புதுசு இருக்கு மாமா. பழச எடுத்துப் போட்டுடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்தி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, மதி வந்து என் தோளுக்குப் பின்னால் குனிந்தான். ஐம்பத்திரண்டு வயதாகியும் பொய் சொல்லும்போது காதோரம் வியர்க்கிறது அவனுக்கு. “அப்பா, பழசையே வெச்சிருங்க. ரெண்டுலயும் கையெழுத்து இருக்கு. கட்டி ஒட்டிட்டா அவ பிரிச்சுப் பாக்கமாட்டா. நான் சொன்னேன்னு இருக்கட்டும்.” அவன் என் மௌனத்தைச் சரி என்று எடுத்துக்கொண்டு ஒட்டு நாடா வாங்கக் கடைக்குப் போனான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், என் மௌனமெல்லாம் அவனுக்குச் சரிதான்.

பழசை வைத்தேன். ஒன்பது என்று எழுதினேன். முதல் கட்டு நாற்பத்து மூன்றும் முடிந்து தட்டி நேராக்கி, துளைபோடும் கருவியில் வைத்து அமுக்கி, பச்சை டேக் கோத்து முடிச்சுப் போட்டேன். அவளுடைய இருபத்தெட்டு வருஷம் அந்தக் கனத்தில் இருந்தது. பத்தாம் பக்கத்திலிருந்து அவள் ஊர் ஊராகப் போன பட்டியல், எனக்குப் படிக்கத் தெரிந்த ஊர்களை மட்டும் படித்தேன், திருவாரூர், விழுப்புரம், மதுரை, டெல்லி. விழுப்புரத்தில் வெள்ளம் வந்தபோது இரண்டு நாள் கிடங்கு மேடையிலேயே உட்கார்ந்து அரிசியைக் காப்பாற்றினாள், அதற்குக் கொடுத்த பாராட்டுக் கடிதம் இருபத்தாறாம் பக்கம். மூட்டை அடுக்குகிற தரையிலிருந்து உதவி மேலாளராகத் தொடங்கி இயக்குநர் நாற்காலி வரைக்கும் வந்து நிற்கிற ஒரே ஆள் அவள்தான், மற்றவர்களெல்லாம் மேலேயிருந்து மேலேயே வந்தவர்கள், இதை சூசை டிரைவர் எனக்குச் சொன்னார். அந்த நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பழைய மூட்டைக் கணக்கு கிடக்கவேண்டுமா? கிடக்கக்கூடாது. மதி கோழைதான், ஆனால் கோழை சொல்வதெல்லாம் தப்பாகிவிடாது. இரண்டாவது கட்டு. லாபம். ரெண்டு. மூணு. ஒன்பதாம் பக்கம் வந்ததும் பழசு. ஒன்பது என்று எழுதினேன். என்., ஐ., எல். தரை மட்டும். முப்பத்தொரு வருஷம் நின்ற இடத்தில் தரை மட்டும். கூட்டிப் பெருக்கி அட்டை மாட்டியாயிற்று. இரண்டாவது கட்டும் முடிந்து டேக் கட்டினேன். முழங்கால் வலித்தது. உட்கார்ந்து செய்கிற வேலைக்கு முழங்கால் ஏன் வலிக்கவேண்டும்?

எண்பத்தேழில் நான் உட்கார்ந்திருக்கவில்லை, நின்றிருந்தேன். ஒரே நாளில் ஆறு லாரி. ஒவ்வொன்றுக்கும் நூற்றெழுபது மூட்டை, ஆக ஆயிரத்து இருபது, அந்த அடுக்கு முழுவதும் காலி. நான் சத்தமாக எண்ண, புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் நின்று தாளில் கோடு போடவேண்டும். அவர் வெளியூரில் வளர்ந்தவர், எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாது. நான் லாபம் என்றபோது அவர் ஏதோ சாமி பெயர் சொல்கிறான் என்று சும்மா நின்றார். ரெண்டு என்றபோது முதல் கோடு போட்டார். ஆறு லாரிக்கும் அப்படி. சாயங்காலம் அவர் தாளில் லாரிக்கு நூற்று அறுபத்தொன்பது, மொத்தம் ஆயிரத்துப் பதினான்கு. தரையோ காலி. ஆறு மூட்டையைக் காணோம். நான் விளக்கினேன், ஆனால் நான் விளக்குகிற அழகு எனக்குத் தெரியும், நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், லாபம்னா ஒண்ணு சார், லாபம்னா ஒண்ணு சார் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். “எவ்வளவு லாபம்னு கேக்குறேன்யா” என்று அவர் கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், எனக்காகச் சிரித்தார்களா அவருக்காகச் சிரித்தார்களா தெரியவில்லை. நாற்பத்தொரு நாள் சஸ்பெண்டு. லாரி போய்ச் சேர்ந்த இடங்களிலிருந்து ஐந்து ஒப்புகைச் சீட்டு வந்தது, ஐந்திலும் நூற்றெழுபது. ஆறாவது சீட்டு வரவேயில்லை, எங்கேயோ தொலைந்துவிட்டது. அதனால் என்னை வேலையில் சேர்த்துக்கொண்டு கொடுத்த கடிதத்தில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினார்கள். குற்றம் இல்லை என்று எழுதவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூட்டை அளவு இடம் இருக்கிறது, அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அதே கிடங்கில் எண்ணினேன், ஒரு மூட்டை கூடியதில்லை குறைந்ததில்லை. ஆனால் எந்தப் புது அதிகாரி வந்தாலும் யாராவது ஒருவர் அவர் காதில் என்னைக் காட்டி ஏதோ சொல்வதைப் பார்ப்பேன். சொல்வது கேட்காது. கேட்காததுதான் அதிகம் கேட்கும்.

தொண்ணூற்றொன்பதிலும் ஒரு புது அதிகாரி வந்தார். அது தமயந்தி. கல்யாணமாகி ஒரு வருஷம், பிராந்திய அலுவலகத்திலிருந்து இருப்புச் சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். அவள் ஜீப்பிலிருந்து இறங்கியபோது நான் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டேன், அதிகாரிக்கு எடுப்பது வழக்கம், மருமகளுக்கு மாமனார் எடுப்பது எந்த ஊர் வழக்கம் என்று தெரியாமல் பாதியில் நின்றேன், துண்டு தோளிலும் இல்லை இடுப்பிலும் இல்லை. அவள் அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். முதல் மூட்டை நகர்ந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் புது அதிகாரி முன்னால் என்னை மாட்டிவிட்ட சொல். ஒன்று என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன், ஆனால் நாக்கு பழக்கத்தில் லாபம் என்றது. அவள் கோடு போட்டாள். போட்டுவிட்டு, எல்லார் முன்னாலும், “லாபம்ங்கறது ஒண்ணுதானே மாமா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மேலே மூட்டைமேல் நின்ற லோடுமேன் பக்கிரி, “டேய், ஆபீசரம்மா நம்ம சகாயத்த மாமாங்குதுடா. அப்ப நமக்கும் அது மருமவதான்” என்றான். “ஒன் மொகரைக்கு! மூட்டையத் தூக்கு” என்றான் கீழே நின்றவன். அவள் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். லாபத்தைப் பற்றி அவளுக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை கேட்கவில்லை. மதி சொல்லியிருக்கமாட்டான், அவன் அப்போதே எண்பத்தேழை மறந்துபோக முயன்றுகொண்டிருந்தான்.

மூன்றாவது கட்டு. லாபம். ரெண்டு. எட்டு வந்தது. பழசில் இன்னும் ஐந்து இருந்தது, புதுசில் ஏழும் இருந்தது. புதுசை எடுத்துவைக்க அல்ல, பார்க்கத்தான் எடுத்தேன். நான்கு வரி. முதல் வரி என் பெயர். இரண்டாவது வரியில் 1972, 2003, அது நான் சேர்ந்ததும் ஓய்வு பெற்றதும். மூன்றாவது வரியில் 1987. மதி பயந்தது போல யாரும் தோண்டி எடுக்க வேண்டியதே இல்லை, அவளே எடுத்துத் தட்டில் வைத்திருக்கிறாள். 1987க்குப் பிறகு என்னென்னவோ எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது, சேர்த்தால் என்னவென்று தெரியவில்லை. டி தெரிகிறது, ஏ தெரிகிறது, எல் இரண்டு தெரிகிறது. சாக்கில் இந்த வார்த்தைகள் வந்ததில்லை. என்னைப் பற்றி ஏழு பெரிய மனிதர்களுக்கு என்ன சொல்கிறாள்? மன்னிப்பாக ஏதாவது எழுதியிருந்தால்? வயதானவர், படிக்காதவர், தெரியாமல் நடந்தது என்று? அப்படி எழுதியிருந்தால் பழசே நல்லது. பரிதாபப்படுகிற நான்கு வரியைவிடத் தரை சுத்தமாக இருக்கட்டும். இதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தேன். கடிகாரத்தில் பத்து ஐம்பது. உள்ளேயிருந்து தமயந்தியின் குரல், “இல்ல சார், அந்தப் புள்ளிவிவரத்த நான் ஏத்துக்கல” என்று, கனமில்லாமல், ஆனால் நகராமல். கேட்கலாமா என்றால் யாரிடம்? எதிரில் இருப்பவர் ஒருவர்தான். பதினொரு நாளில் அந்த அம்மாவிடம் நானாகப் பேச்செடுத்ததில்லை. தாளை மேசைமேல் நகர்த்தினேன். “இதுல என்ன போட்டிருக்குன்னு...” என்றேன்.

கோமளவல்லி அம்மாள் பசைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “இங்கிலீஷா? இருங்க, நான் படிச்ச காலத்து இங்கிலீஷ் துருப்பிடிச்சுப் போச்சு.” விரல் வைத்து மெதுவாகப் படித்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். “பேரு ஆபத்சகாயம். மாமனார். கழகக் கிடங்கில மூட்டை எண்ணிக்கையாளர். முப்பத்தொரு வருஷம். அப்புறம் என்னது... ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்தேழுல ஆறு மூட்டை கொறையுதுன்னு ஒரு குற்றச்சாட்டு. நிரூபிக்கப்படல. எண்ணுற மொறையில வந்த வித்தியாசம்.” அங்கே நிறுத்தினார். அவ்வளவுதானா என்று நினைத்தேன். அவர் தாளைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்தார். “கடைசி வரி. அவருடைய எண்ணிக்கையே சரியானது.” திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை, ஆனால் என் முகத்தில் ஏதோ இருந்திருக்கவேண்டும், அவர் திரும்பப் படித்தார். “அவருடைய எண்ணிக்கையே சரியானது. சரியா இருக்கலாம்னு போட்டிருக்காளோன்னு பாத்தேன். இல்ல, சரின்னேதான். ஒரே போடா போட்டிருக்கா.” பிறகு கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்து, “என்ன சம்பந்தி, பசை வாடை கண்ணுல ஏறிடுச்சா? சன்னலத் தொறக்கவா?” என்றார். திறக்கச் சொன்னேன். திறந்தார். காற்று வந்து தாள் பறக்கப் பார்த்தது, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முப்பத்தாறு வருஷம். கழகம் எழுதவில்லை, இன்ஸ்பெக்டர் எழுதவில்லை, தொழிற்சங்கத்தில் எழுதுகிறோம் என்றார்கள், எழுதவில்லை. இவள் எழுதியிருக்கிறாள். வீட்டில் ஆறுதலுக்குச் சொல்கிற மாதிரி அல்ல, பெரிய எழுத்தில், கீழே கையெழுத்தோடு, தப்பென்றால் தன் பதவி போகும் என்று அச்சடித்திருக்கிற படிவத்தில். ஆறாவது சீட்டு இல்லாமலே சரி என்று எழுதிவிட்டாள். இவளுக்கு என்ன தைரியம் என்று முதலில் பயந்தேன். பிறகு, இது தைரியமல்ல, கணக்கு என்று பட்டது. ஐந்து சீட்டில் லாரிக்கு ஒன்று வித்தியாசம் என்றால் ஆறாவதிலும் அதுவேதான், இதற்குச் சீட்டு எதற்கு? இது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். மதி சொன்ன மொட்டைக் கடுதாசி வந்தால் வரட்டும் என்று துணிந்துதான் எழுதியிருக்கிறாள், அவளுக்கு எது நல்லது என்று அவளைவிட நான் எண்ணவேண்டியதில்லை. டேக்கைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தேன். நகம் வழுக்கியது. உண்மைக்காக அவிழ்த்தேன் என்று இங்கே எழுதினால் அது சரியான கணக்கில்லை. ஆசையில் அவிழ்த்தேன். அந்த நான்கு வரியும் போகவேண்டும் என்ற ஆசை. ஏழு பெரிய மனிதர்கள், ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை, ஏழு மேசையில் ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டும்போது என் பெயர் பன்னிரண்டு எழுத்தாக நீட்டிப் படுத்திருக்கவேண்டும் என்ற ஆசை. எழுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு ஆசை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் வெட்கத்தில் எழுந்து போயிருப்பேன். இப்போதும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. முதல் கட்டைப் பிரித்துப் பழசை உருவினேன், புதுசில் 9 எழுதித் துளைபோட்டுச் சேர்த்தேன், இரண்டாவதிலும் அப்படியே. “கட்டுறது, அவுக்குறது, கட்டுறது. பொண்ணு பாக்க வந்தவன் வேட்டி மாதிரி” என்றார் கோமளவல்லி அம்மாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். “அட, சம்பந்திக்குப் பல்லு இருக்கு!”

நாலு கடை ஏறி இறங்கி ஒட்டு நாடாவோடு மதி வந்தபோது ஐந்தாவது கட்டில் இருந்தேன். “வெச்சிட்டீங்களாப்பா?” என்று கேட்டான். வைத்தாயிற்று என்றேன். எதை என்று அவன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் பொய் சொல்வதில்லை, கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கமும் இல்லை. ஆறு. ஏழு. ஏழாவது கட்டின் நாற்பத்து மூன்றாம் தாளில் 43 என்று எழுதியபோது மணி ஒன்று இருபது. மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, ஏழு கட்டையும் இரண்டு தடவை எண்ணினேன். முந்நூற்றொன்று, முந்நூற்றொன்று. ஒரு தாள் குறைவில்லை, ஒரு தாளும் கூட இல்லை. தலைமை அலுவலகத்தில் எந்த இன்ஸ்பெக்டர் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கட்டும், பக்கத்தில் நின்று யார் வேண்டுமானாலும் கோடு போடட்டும்.

கூட்டம் முடிந்து தமயந்தி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேசையருகே நின்றாள். மதி உறைகளைப் பிரித்துத் தயாராக வைத்துக்கொண்டு, “எல்லாம் ஆச்சு தமா, ஒட்ட வேண்டியதுதான். சூசை ரெண்டு தடவை ஹாரன் அடிச்சிட்டாரு” என்றான். அவள் முதல் கட்டை எடுத்தாள். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை, போட்டோவைப் பார்க்கவில்லை, பெருவிரலால் புரட்டி நேராக ஒன்பதாம் பக்கத்தில் நிறுத்தினாள். பார்த்தாள். வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள். ஒன்பது. மூன்றாவது. மதி இரண்டாவதிலேயே எட்டிப் பார்த்துவிட்டான், அப்பா என்று பாதிக் குரலில் சொல்லி நிறுத்திக்கொண்டான். ஏழும் பார்த்து முடித்துத் தட்டி நேராக்கி அவன் கையில் கொடுத்து, “ஒட்டுங்க” என்றாள். அவன் ஒட்டினான். நாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்தான், கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. “கெடைக்கலைன்னா?” என்று தாளைப் பார்த்தே கேட்டான். “கெடைக்காட்டி பொது மேலாளராவே இருந்துட்டுப் போறேன்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். இருபத்தைந்து வருஷத்தில் எத்தனை தடவை நேராகப் பார்த்திருப்போம் என்று என்னால் சொல்லமுடியும், கைவிரல் போதும். “மீதி எவ்வளவு மாமா?”

பழைய தாள்கள் என் தொடையின்மேல் இருந்தன. அவிழ்த்த கட்டுகளிலிருந்து உருவிய இரண்டிலும் ஓரத்தில் இரண்டிரண்டு துளை, மற்றவற்றில் இல்லை. ஒரு நொடிதான், ஆனால் அந்த நொடியை மறைக்க விரும்பவில்லை. அந்த இரண்டையும் வேட்டி மடிப்புக்குள் தள்ளிவிட்டு மீதியை மட்டும் கொடுத்தால் நான் என்ன செய்யப் பார்த்தேன் என்று யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. சேர்த்துத் தட்டி, துளை உள்ளதை மேலே வைத்து, அவள் கையில் கொடுத்தேன். அவள் துளையைப் பார்த்தாள். ஒரு துளைமேல் விரல்நுனியை வைத்தாள். என்னைப் பார்த்தாள், மதியைப் பார்த்தாள். என் குரல் எனக்கே தெரியாத சத்தத்தில் வந்தது, கிடங்கில் கடைசி லாரி கிளம்பும்போது சொல்கிற சத்தம், வாசலில் சூசைக்கும் கேட்டிருக்கும்.

“நீ எண்ணிக்கம்மா. முழுசு அஞ்சு, தொளை போட்டது ரெண்டு. மீதி ஏழு.”